ஞாயிற்றுக்கிழமைகளில் யூசுப் வருவதில்லை

போன வாரம் வேலையை விட்ட பின்னும் பழக்க தோஷத்தில் நம் கார் பட்டறைப் பக்கம் வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு வாடிக்கையாளரை வழியனுப்பிக்கொண்டிருந்தார். இருபது வயதான பெட்ரோல் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் தானாக ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது என்று அந்த மனிதர் குறை சொன்னார். நம்மவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "எரர் கோடு ஒண்ணும் வரல சார். பழைய வண்டிதானே, ஸ்டார்ட் பண்ணிட்டு ஒரு பத்து நிமிஷம் சூடாக வுட்டு எடுங்க, சரியாப் பூடும்" என்றார்.

பாதி டீயை வைத்துவிட்டு எழுந்துபோனேன். கோபித்துக்கொண்டு போனதாக நினைத்திருப்பீர்கள். கோபமெல்லாம் இல்லை. வெளியே போய் அந்த மனிதரை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வண்டிய வீட்டுல எங்க நிறுத்துறீங்க?" என்றேன். "வாசல்லதாங்க, வேப்ப மரத்தடியில" என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

நம்மவர் சொன்ன அதே வார்த்தைகளை நானும் ஒருமுறை ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அதனால் நடந்ததை இதுவரை உங்கள் யாருக்கும் சொன்னதில்லை. நேரில் சொன்னால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், இல்லையென்றால் நானே பாதியில் நிறுத்திவிடுவேன். ஆகவே எழுதிவிடுகிறேன்.

யூசுப் என்று ஒரு வாடிக்கையாளர் எனக்கு இருந்தார். திருமலைராயன்பட்டினத்துக்காரர், வளைகுடாவில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் காரை நம் பட்டறைக்குத்தான் கொண்டுவருவார். கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த காலத்து வண்டி அது. சாவியைத் திருப்பியதும் ஆக்ஸிலேட்டரை மூன்று தடவை மிதிப்பார். விர், விர், விர். அப்புறம்தான் கியரைத் தொடுவார். "இது பழைய கார்புரேட்டர் வண்டி இல்ல தம்பி. காலை எடுங்க, எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். "கால் சும்மா இருக்க மாட்டேங்குதுண்ணே" என்று சிரிப்பார். தெருமுனையில் அந்த மூன்று உறுமல் கேட்டாலே அவர் வீட்டில் இருப்பது ஊருக்குத் தெரியும்.

ஒரு வருடம் அவர் லீவில் வரவில்லை. மாரடைப்பு. அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. இங்கே யாரும் முகம் பார்க்கவில்லை. வீட்டில் மிஞ்சியது இரண்டே பேர். ஒருவர் அவருடைய மனைவி பர்வீன், காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. இன்னொருவர் அவருடைய வாப்பா. ஹஜ் செய்து வந்தவர் என்பதால் எல்லோருக்கும் ஹாஜியார். ஒரு காலத்தில் பெரிய வியாபாரி, இப்போது சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. மகன் போன மூன்றாம் மாதமே மருமகளை டிரைவிங் கற்றுக்கொள்ளச் சொன்னவர் அவர்தான். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் யார் தயவையும் எதிர்பார்க்கக் கூடாது என்றாராம். உறவில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். ஹாஜியார் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வீடு கடலுக்குக் கிட்டே. நம் ஊர் வண்டிகள் ஓடித் தேய்வதில்லை, உப்பில் அரித்துத்தான் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டோரமாக இருந்த சந்துக்குத் தகரக் கூரை போட்டு, அதைத்தான் கார் ஷெட்டாக்கியிருந்தார்கள். மூன்று பக்கம் சுவர். தெருப்பக்கம் மட்டும் திறப்பு. "அந்தத் திறப்புல தார்ப்பாய் கட்டும்மா. விரல்கடை கூட காத்து உள்ள வரக் கூடாது" என்று பர்வீனிடம் சொன்னவன் நான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் அவள். மேலும் கீழும் கயிறு கோத்து, அடியில் செங்கல் அடுக்கி, பெட்டி மாதிரி அடைத்துவிட்டாள். பார்த்து நான் மெச்சிக்கொண்டேன்.

அந்த வருடம் அடைமழை முடிந்த கையோடு வண்டி தகராறு செய்ய ஆரம்பித்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல் வேண்டும், கொஞ்சம் கூடுதல் ரேஸ் வேண்டும். சூடாகச் சூடாக கம்ப்யூட்டரே இரண்டையும் குறைத்துவிடும். இவள் வண்டியில் ரேஸ் குறைவதற்கு ரொம்ப நேரமாயிற்று. நடுவில் ஏறி ஏறி இறங்கவும் செய்தது.

அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டு நான் பானெட்டுக்குள் குனிந்தேன். சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் நம் பட்டறை பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்பேனரால் பானெட் விளிம்பில் ஒரு தட்டு என்றால் ரேஸ் கொடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இன்றைக்கும் நீங்கள் அப்படித்தான் தட்டுகிறீர்கள். அதை ஆரம்பித்தது என் தம்பி சேகர். என்னோடு சேர்ந்து அந்தப் பட்டறையை நடத்தியவன். நீங்கள் யாரும் வருவதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அன்றைக்குக் காற்று வழியைச் சுத்தம் செய்தேன். நின்றபடி ஓடும்போது ரேஸைப் பார்த்துக்கொள்கிற ஐடில் வால்வைக் கழற்றிக் கழுவினேன். ஸ்கேனரில் கோடு இல்லை. சைலன்சர் முனையில் கறுப்பாக மசி அப்பியிருந்தது. பார்த்தேன், பழைய வண்டிதானே என்று துடைத்தும் விட்டேன். "காலைல ஸ்டார்ட் பண்ணினா உடனே எடுக்காத. ரேஸ் மீட்டர் முள்ளு கீழ எறங்குற வரைக்கும் ஓட வுடு. அப்புறம் எடுத்தீன்னா எஞ்சினுக்கு நல்லது" என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். கார் இல்லாமல் பஸ்ஸில் வந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. சுற்றிலும் ஆள் இல்லையா என்று பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"தெனம் காலைல அவங்க வர்றாங்கன்னு மாமா சொல்றாங்க."

"யாரு வர்றா?"

புருஷன் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. புரிந்தது.

ஹாஜியாரின் அறை ஷெட்டை ஒட்டியது. அறை ஜன்னல் ஷெட்டுக்குள்தான் திறக்கும். தினமும் காலையில் அவள் வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டுவிட்டு, அவருக்குப் பலகாரம் எடுத்துவைக்கச் சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். முள் இறங்கியதும் தார்ப்பாயை அவிழ்த்து வண்டியை வெளியே எடுப்பாள். அந்த இடைவேளையில்தான் வருகை. முதலில் எஞ்சின் மூன்று தடவை உறுமும். யூசுப்பின் காலடியில் உறுமியதே, அதே மாதிரி. கொஞ்ச நேரத்தில் அறைக்குள் செருப்புச் சத்தம். பிறகு கட்டிலின் கால்மாட்டில் யாரோ உட்காருவது. ஹாஜியார் மகனோடு பேசிக்கொண்டிருப்பாராம்.

"எனக்கும் ஒரு நாள் கேட்டுச்சுண்ணே" என்றாள். "தார்ப்பாய் கயித்த அவுத்துக்கிட்டு இருந்தேன். முதுகுப் பக்கம், பர்வீன்னு. அவங்க கூப்புடுற மாதிரியே."

நான் சிரிக்கவில்லை. உடம்பு எப்படி என்று விசாரித்தேன். இருவருக்கும் காலையில் மண்டை கனக்கிறது, குமட்டுகிறது. அவளுக்குப் பள்ளிக்கூடம் போய் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். மாமாவுக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கும். "மனசுல துக்கம் இருந்தா அப்படித்தான்மா வயித்தப் புடிக்கும்" என்று பெரிய வைத்தியன் மாதிரி சொன்னேன்.

"ஓதி ஊதணும்னு சில பேர் சொல்றாங்க. வண்டிய வித்துடுனு என் அண்ணன் சொல்லுது. வித்தா நானும் மவுத்தாயிடுவேன்னு மாமா சொல்றாங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தளர்ந்துக்கிட்டே போறாங்கண்ணே, சோறே எறங்கல. எனக்கு அவங்கள வுட்டா யாரு இருக்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "ஞாயித்துக்கெழமை மட்டும் வர்றதில்லயாம்" என்றாள்.

"ஏனாம்?"

"லீவா இருக்கும்னு மாமா சொல்றாங்க. ஆனா அவங்க வேல பாத்த ஊருல வெள்ளிக்கெழமதானேண்ணே லீவு? ஞாயித்துக்கெழம எதுக்கு வராம இருக்காங்கன்னுதான் எனக்குப் புரியல."

இந்தக் கேள்வியை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை நாற்பது வருட மெக்கானிக்கிடம் கேட்டாள். விடை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. "வண்டிதான் அப்படிச் சத்தம் போடுதுனு நீங்க ஒரு தடவ வந்து சொல்லுங்க, மாமா கேப்பாங்க" என்று கெஞ்சினாள். சரி என்றேன்.

தை மாதம், பனி விலகாத காலை. ஏழரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று முன்பெல்லாம் சூடான பானெட் மேல்தான் சுருண்டு கிடக்கும். அன்று அது எதிர் மதிலில் உட்கார்ந்து ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பர்வீன் கூப்பிட்டும் இறங்கவில்லை.

ஹாஜியார் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, அத்தர் பூசித் தயாராக இருந்தார். விருந்தாளிக்குக் காத்திருப்பவர் மாதிரி. கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. நான் அதில் உட்காரப் போனேன்.

"அது அவன் உக்கார்றது" என்றார் நிதானமாக. "நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

கை வைத்த இன்னொரு நாற்காலியில், சுவரோரமாக உட்கார்ந்தேன். அவரே எட்டி ஷெட்டுப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்தார். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னார். "மருமவ பயப்படுது. அதுக்கு எதுக்குத் தொந்தரவு" என்றார்.

அவர் கேட்கிற இடத்திலிருந்து நானும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பர்வீனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "நான் கூப்புடுற வரைக்கும் எஞ்சின நிறுத்தாத. என்ன சத்தம் கேட்டாலும் உள்ள வராத. வழக்கம்போல உன் வேலையப் பாரு." சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண் என்று முன்பே எழுதினேன்.

எஞ்சின் பிடித்தது. ரேஸ் உயரத்தில் நின்றது. ஓரிரண்டு நிமிடம் கழித்து விர் என்று ஏறி இறங்கியது. மறுபடி. மறுபடி. மூன்று. அப்புறம் அமைதியாக ஓடியது. கலவை தடுமாறினால், ஐடில் வால்வு அதைப் பிடிக்கப் போராடினால், அப்படி ஏறி இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் வண்டியில் கேட்டிருக்கிறேன். இருந்தும் முழங்கையிலிருந்து மயிர் சிலிர்த்துக்கொண்டு மேலே ஏறியது.

ஹாஜியார் கால்மாட்டைப் பார்த்து, "வா" என்றார்.

பிறகு பேச ஆரம்பித்தார். ஒன்றும் பெரிய பேச்சு இல்லை. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது. பட்டினச்சேரியிலிருந்து நல்ல மீன் வந்தது. "மருமவ வண்டிய நல்லாத்தான் ஓட்டுது. ரிவர்ஸ் எடுக்கத்தான் கொஞ்சம் யோசிக்குது" என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு நிறுத்தி, பதிலுக்கு இடம் கொடுத்து, தலையாட்டினார். ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்தார்.

எனக்குப் பொட்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது. நெஞ்சு வேகமாக அடித்தது. பயம் என்று நினைத்துக்கொண்டேன். பயந்தால் அப்படித்தானே இருக்கும்? பிறகு பயம் போய்விட்டது. இதைக் கவனமாகப் படியுங்கள். பயம் போய் ஒரு சொகம் வந்தது. சுவரில் வெளிச்சம் மஞ்சளாக இருந்தது. எஞ்சின் சத்தம் தூரத்துக் கடல் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். இந்த வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அந்தக் காலி நாற்காலியில் என்ன பார்த்தாய் என்று கேட்பீர்கள். நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால் நாம் அவரை முறைத்துப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படி விட்டுவிட்டேன்.

அப்போதுதான் தட்டுச் சத்தம் கேட்டது. டிக், டிக். ஸ்பேனர் தகரத்தில் படும் சத்தம். இரண்டு தட்டு. இரண்டாவது தட்டைக் கொஞ்சம் அழுத்தித் தட்டுவான் சேகர். "காது கேக்குதாண்ணே?" என்று கேட்பது மாதிரி இருக்கும். அதே அழுத்தம்.

என் வலது கை தானாக முன்னால் போய்ச் சாவியைத் திருப்பியது. நாற்பது வருடப் பழக்கம். சாவி இல்லை. என் விரல்கள் நாற்காலியின் மரக் கையைத் திருகிக்கொண்டிருந்தன. நான் டிரைவர் சீட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்பதற்காகவே வந்து உட்கார்ந்தவன், அது ஓடுவதை மறந்திருந்தேன்.

ஹாஜியாரின் தாடை நெஞ்சில் படிந்திருந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. ஞாயிற்றுக்கிழமை அவள் வண்டியை ஸ்டார்ட் செய்வதில்லை.

பர்வீனைக் கூப்பிட வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. எழுந்தேன், முழங்கால் மடங்கிக்கொண்டது. நம் தொழிலில் கையும் காலும் முதலில் எஞ்சினை நோக்கித்தான் போகும். ஜன்னல் பக்கம் இரண்டடி வைத்தும் விட்டேன். ஷெட்டுக்குள் இறங்கிச் சாவியைத் திருப்பிவிடலாம் என்று. அங்கே இறங்கியிருந்தால் வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்திருப்பேன். அறைக்குள் பெரியவர் கிடந்திருப்பார், நான் கூப்பிடட்டும் என்று அவள் சமையல்கட்டில் காத்துக்கொண்டிருந்திருப்பாள். எது என்னைத் திருப்பியது என்று தெரியாது. திரும்பிக் கதவுக்குத் தவழ்ந்தேன். தாழ்ப்பாள் எங்கோ மாடி உயரத்தில் இருந்தது. திறந்ததும் கூடத்தில் குப்புற விழுந்தேன். தரையோடு கிடந்து இரண்டு மூச்சு இழுத்த பிறகு, "பர்வீன்!" என்று கத்தினேன்.

அவள் ஓடிவந்து எஞ்சினை நிறுத்தத் திரும்பினாள். "வேணாம், அது ஓடட்டும்! மாமாவ இழு!" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் உள்ளே போய், படுக்கை விரிப்போடு சேர்த்து அவரைத் தரையில் இறக்கி, தெருவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தோம். அதற்கப்புறம் அவள் கத்தி எடுத்துவந்து, தெருவில் நின்றபடி தார்ப்பாய்க் கயிறுகளை அறுத்தாள். கடல் காற்று உள்ளே புகுந்தது. நான் எந்தக் காற்றைத் தடுக்கச் சொன்னேனோ அதே காற்று. வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னவோ சாதுவாக, ஒரு குற்றமும் அறியாதது போல ஓடியது. சுற்றுப்புறம் கூடியது. பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம்.

ஆக்ஸிஜன் வைத்தார்கள், எனக்கும்தான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் என்னிடம், "நீங்க மெக்கானிக்தானே?" என்றார்.

மறுநாள் வண்டியைத் தெருவில் நிறுத்திப் பார்த்தேன். எஞ்சின் தண்ணீர் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார் இருக்கிறதே, அதன் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. உப்புக் காற்றின் வேலை. கம்பி ஒரு மயிரிழையில் தொங்கியது. செத்த சென்சார் லைட்டைப் போட்டுக் காட்டிக்கொடுக்கும். இது சாகவில்லை, பொய் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தாலும் குளிர்கிறது, குளிர்கிறது என்று சொல்லியிருக்கிறது. காரைக்கால் வெயிலில் நின்றுகொண்டு, தான் பனிமலையில் இருப்பதாக அந்த வண்டி நம்பியது. பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. எரியாத பெட்ரோலுக்கு வாசனை உண்டு. பாதி எரிந்ததிலிருந்து வருகிற விஷப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

காற்றை அடைக்கச் சொன்னவன் நான். முள் இறங்கும்வரை ஓட விடு என்றவனும் நான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் நல்ல யோசனை. முள் இறங்கப் பத்து நிமிடம் பதினைந்தானது, பதினைந்து இருபத்தைந்தானது. அவள் என் வார்த்தைக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தாள். வண்டியை எங்கே நிறுத்துகிறாய் என்று அவளிடம் நான் கேட்கவே வேண்டாம், எனக்கே தெரியும். தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொன்று. சைலன்சருக்கு மேலே இருக்கும் வெப்பம் தடுக்கும் தகடு ஒரு போல்ட் தளர்ந்து ஆடியது. சூட்டில் விரியும்போது அது இரண்டு தடவை தட்டியிருக்கலாம். அதைத்தான் கேட்டேன் போலிருக்கிறது. ஸ்பேனரை எடுத்து இறுக்கினேன். கடைசிச் சுற்று சுற்ற எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் வண்டிக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தேன். சேகரை நினைத்து அன்றைக்கு அழுததுபோல அவன் செத்த அன்று கூட நான் அழவில்லை. பிறகு இறுக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஹாஜியார் தலையணையில் சாய்ந்திருந்தார், பர்வீன் பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உயிரைக் காப்பாற்றியவன் என்று அவர் என்னைக் கொண்டாடுவார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வண்டிய சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன் ஹாஜியார்."

"அப்ப இனிமே அவன் வர மாட்டான்."

டாக்டர் எனக்கு விளக்கியதை அவருக்கு விளக்கினேன். இந்தப் புகை ரத்தத்தில் ஏறினால் மூளை இல்லாததைக் காட்டும், கேட்காததைக் கேட்க வைக்கும் என்றேன். பழைய வியாபாரி அல்லவா, குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார்.

"பொகைனு சொல்றீங்க. சரி. நீங்களும் அந்நேரம் உள்ளதான் இருந்தீங்க" என்றார். "உங்களுக்கு யாரு வந்தா?"

பர்வீனின் கை ஆரஞ்சில் அப்படியே நின்றது. எனக்கும் ஒரு சத்தம் கேட்டதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. டாக்டரிடம் கூட.

"என் தம்பி" என்றேன்.

"என்ன சொன்னாரு?"

"எஞ்சின நிறுத்தச் சொன்னான்."

சுருக்கம் விழுந்த கையால் அவர் போர்வையை நீவிக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதற்குக் கோபமே தேவலாம்.

"எம் மவன் ஒரு நாளும் அதச் சொல்லலியே" என்றார். "உக்காருங்க வாப்பா, எங்க போறீங்க, உக்காருங்கன்னுதான் தெனமும் சொன்னான். எம் மவனா இருந்தா என்னை எழுப்பி வெளிய தள்ளியிருப்பான். அவன் அப்படிப்பட்ட புள்ள."

தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தன் பெயரைக் கேட்ட பர்வீன் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்ப" என்றார் ஹாஜியார், "இத்தினி நாளா வந்து உக்காந்திருந்தது யாருங்க?"